மூன்றாம் மாடி நாற்காலி

மனிதகுலம் நாற்காலியை ஒழித்த அன்றுதான் நாகரிகம் அடைந்தது. அந்தப் பெருமை எங்கள் அலுவலகத்துக்கே உரியது. உட்கார்ந்து வேலை பார்த்தால் ஆயுள் குறையும் என்று ஒரு பயிற்சியாளர் வந்து சொன்னாராம். உடனே 'உயர்ந்து நில்' திட்டம் பிறந்தது. மேசைகள் உயர்ந்தன, நாற்காலிகள் மூன்றாம் மாடிக் கிடங்குக்குப் போயின. நான் அப்போது முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததால், அந்த அருளுரையைக் கேட்கும் பாக்கியம் கிட்டவில்லை.

புது மூட்டும் கைத்தடியுமாக வேலைக்குத் திரும்பினால், என் இடத்தில் நெஞ்சுயர மேசை ஒன்று நிற்கிறது. புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. இனி அதை நாள் முழுக்க நின்றே எழுத வேண்டும். முடியாவிட்டால் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். இரண்டு பிள்ளைகள் படிக்கிற வீடு. உள்ளுக்குள் பயந்துதான் போனேன்.

மேலாளர் அன்பே உருவானவர்.

"கால் எப்படி சார் இருக்கு?"

"பரவாயில்ல சார். ரொம்ப நேரம் நிக்கக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. ஒரு நாற்காலி கிடைச்சா..."

"தாராளமா. 'விதிவிலக்கு நாற்காலி'ன்னே வச்சிருக்கோம். மூணாவது மாடிக்கு நேர்ல போய்க் கேளுங்க. லிஃப்டைத்தான் நிறுத்திட்டோம். அதுவும் திட்டத்துல சேர்ந்ததுதான்."

"வேற யாரையாவது அனுப்பலாமா சார்?"

"முழங்கால் உங்களோடதாச்சே. கிடங்கு அதிகாரி அதைப் பாக்க வேண்டாமா?"

இவ்வளவையும் சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னார். அது நாற்காலியில் சேராது, 'முடிவெடுக்கும் இடம்'.

நல்ல காலை முன்னால் வைத்து, மாற்றிய காலை இழுத்து, கைப்பிடியைக் கட்டிக்கொண்டு ஏறினேன். பாதி வழியில் கண்ணில் நீர் வந்துவிட்டது. மேலே, அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குக் காவலாகக் கிடங்கு அதிகாரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எப்படி வந்தீங்க?"

"படி ஏறித்தான்."

"மூணு மாடியுமா?" அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "அப்ப எப்படி சார் குடுக்கறது? படி ஏற முடியாதவங்களுக்குத்தான் நாற்காலி."

"ஏற முடியாதவங்க இங்க எப்படி வருவாங்க?"

"இதுவரைக்கும் ஒருத்தரும் வரல சார். அதனாலதான் எல்லாம் புதுசு மாதிரியே இருக்கு."

நான் இறங்கி முடிப்பதற்குள் செய்தி எனக்கு முன்னால் இறங்கிவிட்டது. மூட்டு மாற்றியவரே மாடி ஏறுகிறார் என்றால் திட்டத்துக்கு வேறென்ன நற்சான்று வேண்டும்? மாலையில் பாராட்டுக் கூட்டம். மேடையில் நான்கு பெரியவர்கள் அமர்ந்து மாறி மாறிப் புகழ்ந்தார்கள். நான் கூட்டம் முடியும்வரை நின்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பார்த்துவிட்டாள்.

"இந்தக் கால் நல்ல காலாச்சே. இது ஏன் இப்படி வீங்கியிருக்கு?"

"பாராட்டினாங்க" என்றேன்.

அவள் உடனே ஆட்டோ கூப்பிட்டாள். டாக்டரம்மா வீங்கிய முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இதையும் மாத்த வேண்டி வரும் போல இருக்கே. யார் உங்களை இந்தப் பாடு படுத்தினது?" என்று கேட்டார்.

மேடையில் உட்கார்ந்திருந்த நால்வரின் பதவிகளையும், உரிய மரியாதையோடு, ஒவ்வொன்றாகச் சொன்னேன்.