தங்கமீன் வாங்கிக்கொண்ட கெட்டது

"பூன் லெங்! கொடுத்து வச்சவன்டா நீ. இன்னொரு மீன் செத்துப் போச்சு!"

அம்மா கிம் நியோ கூடத்திலிருந்து கூவினாள். கையில் செய்தித்தாள். அதன் மேல் ஒரு தங்கமீன் விறைத்துக் கிடந்தது.

பல் துலக்கிக்கொண்டிருந்த பூன் லெங் வாய் நுரையோடு ஓடிவந்தான். "நேத்து லாரி உரசிட்டுப் போச்சுன்னு சொன்னேனே, அதுதாம்மா! எனக்கு வரவேண்டியத இது வாங்கிட்டுப் போயிடுச்சு!"

வீட்டுக்கு வரும் கெட்டதை மீன் தன் மேல் வாங்கிக்கொண்டு சாகும். பினாங்கில் அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு இந்த நம்பிக்கை உண்டு. ஆனால் மாதம் தவறாமல் மீன் செத்தது இந்த வீட்டில் மட்டும்தான்.

மருமகள் லே குவான் விரல்விட்டு எண்ணினாள். கல்யாணமாகி ஏழு மாதம். இது ஏழாவது மீன். சூப் கிண்ணத்தைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் எப்போதும் இரண்டு மீன்கள். ஒன்று திரும்ப வேண்டுமென்றால் மற்றது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"அம்மா, பெரிய தொட்டி ஒண்ணு வாங்கலாமே..."

"வேணாம்!" மாமியார் வெட்டினாள். "மீனுக்குப் பங்களாவா? நீ முதல்ல சோறு குழையாம ஆக்கக் கத்துக்க." ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, தினமும் போல் கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள்.

லே குவான் புருஷனைப் பிடித்தாள்.

"சின்ன மீன் எவ்வளவு கெட்டத வாங்கும்? சின்ன கெட்டதத்தான். பெரிய லாரி வந்தா?"

பூன் லெங்கின் முகம் வெளுத்தது.

"மீன் பெருசா வளரணும். அதுக்குப் பெரிய தொட்டி, சுத்தமான தண்ணி, காத்துக் குழாய், எல்லாம் வேணும்."

அன்று மாலையே தொட்டியும், செத்ததற்குப் பதில் புது மீன் ஒன்றும் வந்தன. மூன்றடி நீளம். மீன்கள் இரண்டும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாய்ந்ததைப் பார்த்து லே குவான் கைதட்டினாள். மாமியார் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் குளித்துவிட்டு வந்த லே குவான் அப்படியே நின்றாள். மாமியாரின் கை முழங்கை வரைக்கும் தொட்டிக்குள்!

"என்னம்மா பண்றீங்க?"

"சு... சும்மா. தண்ணி சில்லுனு இருக்கான்னு பாத்தேன்."

லே குவான் மாமியாரின் ஈரக்கையைப் பார்த்தாள். மாதம் ஒரு சாவு. தானாக வந்த சாவா அது? கொலை!

தையல் மெஷினைத் தொட்டியோரம் இழுத்துப் போட்டாள். சாப்பாடு அங்கே, படுக்கையும் அங்கே.

"போய்ப் படும்மா, நான் பாத்துக்கறேன்" என்பாள் மாமியார்.

"பரவாயில்லைம்மா. எனக்கு மீன் பாக்காம தூக்கம் வராது."

ஒரு மாதம் போயிற்று. இரண்டு மாதம் போயிற்று. மீன்கள் கொழுத்தன. ஒன்றும் சாகவில்லை.

பூன் லெங் மெலிந்தான்.

"ச்சூ! டயர் பஞ்சர்!" "ச்சூ! கண்ணுல மிளகா பட்டுடுச்சு!" "ச்சூ! மேனேஜர் என்னப் பாத்துச் சிரிச்சாரு, ஏதோ இருக்கு!" பதறினால் யாரிடம் பேசினாலும் 'ச்சூ' என்றுதான் தொடங்குவான். அம்மாவிடம்கூட.

"மீன் சாகவே மாட்டேங்குது. வர்ற கெட்டதெல்லாம் எங்க போகும்? என் தலையிலதான்!"

லே குவான் அவசரமாக யோசித்தாள். "அது... மீன் உடம்பு வழியா தண்ணில இறங்கிடும். தண்ணி மாத்தினா கெட்டதும் போயிடும்."

பூன் லெங் உற்சாகமாக வாளி வாளியாய் அள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் ஊற்றினான். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் காலில் கட்டோடு வந்து நின்றார்.

"வேலியோரம் எவன்யா தண்ணி ஊத்தினது? வழுக்கி விழுந்து எலும்பு விட்டுப்போச்சு!"

பூன் லெங் கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்தான். கண்கள் பிதுங்கின.

"அப்ப அந்தத் தொட்டி பூரா... கெட்டது! மூணடிக்குக் கெட்டது!"

"ஐயோ, அவரு வழுக்கி விழுந்தாருங்க..."

"பேசாத! ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு மீனாவது சாகணும். இல்ல, தொட்டி வெளிய, பழைய கிண்ணம் உள்ள!"

மாமியார் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை. மாமியார் வழக்கம்போல் கோயிலுக்குப் போயிருந்தாள். லே குவான் கொழுத்த மீனைத் தண்ணீரோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, கைப்பைக்குள் மறைத்துக்கொண்டு சந்தைக்கு ஓடினாள். வழியில் தெரிந்த முகங்களையெல்லாம் பார்த்துத் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். கைப்பை துள்ளியது.

வண்ணமீன் கடை லோ அங்கிள் கல்லாவில் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் எப்படிக் கேட்பது? மெல்ல அருகே போனாள்.

"அங்கிள்... செத்த மீன் ஒண்ணு கிடைக்குமா?"

அவர் நிமிரக்கூட இல்லை. "முழுச் சிவப்பா, வெள்ளை கலந்ததா?"

"சி... சிவப்பு."

ஐஸ் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றினார். "உயிர் மீன் கொண்டாந்திருக்கியா? குடு."

லே குவான் கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பூன் லெங் பொண்டாட்டிதானே? உங்க வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாதா? வா."

கொல்லைப்புறம் கூட்டிப்போனார். அறை அகலத்துக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி. அல்லி இலைகளுக்கு அடியில் முப்பது, நாற்பது தங்கமீன்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், மேலே மிதந்த ரொட்டித் துண்டுகளை அடித்துப் பிடித்துத் தின்றன.

"எவ்வளவு அழகு! யாரோட மீன் அங்கிள் இதெல்லாம்?"

அவர் பையை அவிழ்த்து மீனை அந்தக் கூட்டத்துக்குள் விட்டார்.

"மகன் பயப்படுறான்னு உங்க மாமியார் மூணு வருஷமா கணக்கா மாத்திக்கிட்டிருந்தாங்க. ரெண்டு மாசமா மருமக தொட்டிகிட்டயே விடமாட்டேங்கறான்னு இப்பத்தான் ரொட்டி போட்டுட்டு அழுதுட்டுப் போனாங்க. இதெல்லாம் உங்க வீட்ல செத்துப்போன மீனுங்கதான்மா!"