ரஹீமின் நிக்காஹும் என் வெள்ளிக்கிழமையும்

எல்லாம் தெரிந்தவன் யாரையும் எதையும் கேட்க மாட்டான், கேட்காமலேயே கெட்டுப்போவான். செஞ்சியில் கல்யாண போட்டோ எடுக்கும் நான் அப்படிக் கெட்டுப்போனேன்.

பள்ளித் தோழன் ரஹீமுக்குத் திடீரென்று பெண் அமைந்தது. சனிக்கிழமை அவனுக்கு துபாய் விமானம். தள்ளிப்போடவும் வழியில்லை, அடுத்து முஹர்ரம், அந்த மாதத்தில் அவர்கள் வீட்டில் கல்யாணம் வைப்பதில்லை. பத்திரிகை அடிக்க நேரமில்லாமல் அவன் அம்மாவே போனில் அழைத்தார்.

“துல்ஹஜ் பிறை இருபத்தாறு, வெள்ளிக்கிழம ராவு, மக்ரிப் தொழுதுட்டு நிக்காஹ். நீதான் போட்டோ. புரிஞ்சுதாப்பா அந்தோணி?”

“எனக்கே பிறை சொல்றீங்களாம்மா? உங்க நோன்புக் கஞ்சி குடிச்சே வளந்தவன் நானு!” (கஞ்சி குடித்தால் காலண்டர் வந்துவிடும் என்று நம்பிய காலம்.) இருந்தாலும் தினசரி காலண்டரைப் புரட்டினேன். வெள்ளிக்கிழமைத் தாளில் துல்ஹஜ் 26 என்றே போட்டிருந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வியாழன் மாலை அனந்தபுரத்தில் ஒரு காதுகுத்து. முடித்துவிட்டுப் பார்த்தால் ரஹீமிடமிருந்து பதினேழு மிஸ்டு கால். கல்யாண டென்ஷன், நாளைக்கு நேரிலேயே பேசிக்கொள்ளலாம் என்று தூங்கிவிட்டேன்.

வெள்ளி மாலை கேமரா, லைட்டு சகிதம் போய் இறங்கினேன். ரஹீம் லுங்கியோடு உட்கார்ந்து மீந்த பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“இன்னாடா மாப்ள, இன்னும் ரெடியாவல?”

“நேத்தே ஆயிட்டேன்டா.”

அவன் அம்மா உள்ளிருந்து வந்தார். “எங்களுக்குப் பொழுது சாஞ்சாலே மறுநாள் பொறந்துடும்ப்பா. வியாழக்கிழம சாயங்காலம்னா வெள்ளி ராவு. தெரியும்னு சொன்னியே!” ஒரே மகன், நிக்காஹில் ஒரு நல்ல படம்கூட இல்லை. அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“இன்னொரு வாட்டி உக்காந்தா எடுத்துடலாம்மா...”

“நிக்காஹ் இன்னா டிராமாவா?”

கடைசியில் மனம் இரங்கி, மாப்பிள்ளை பெண் இருவரையும் கல்யாண உடுப்பில் நிற்க வைத்தார். ஒரு நாள் பழகிய மணப்பெண் அல்லவா, வெட்கப்பட மறந்துவிட்டாள். ஆல்பம் முழுக்க, “நேரா நில்லுங்க” என்று ரஹீமை அதட்டிக்கொண்டிருக்கிறாள்.

வீட்டில் நைனா விடவில்லை. “சனிக்கிழம சாயந்தரப் பூசைக்குப் போயிட்டு, அதான் ஞாயித்துக்கெழம கணக்குன்னு மறுநாள் தூங்குறியே, அது மட்டும் தெரியுதாடா?” சர்ச்சில் முப்பது வருஷம் முட்டி போட்டவனுக்கு அது தோன்றவே இல்லை.

இப்போது ரஹீமுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பெயர் வைக்கும் விழாவுக்கு ஊர் முழுக்கப் பத்திரிகை கொடுத்துவிட்டார்கள். நாள் என்ற இடத்தில், எல்லார் பத்திரிகையிலும், கொட்டை எழுத்தில்:

வெள்ளி இரவு (அந்தோணிக்கு மட்டும்: வியாழக்கிழமை).