நெட்டைக்கு ஒரு குரல் வேண்டும்

திரையில் நெட்டைப் போலீஸ்காரர் வாயைத் திறந்தார். குட்டைப் போலீஸ்காரரும் திறந்தார். இருவர் வாயிலிருந்தும் ஒன்றும் வரவில்லை.

தியேட்டரின் புரொஜெக்டர் கேபினுக்குள் இருந்த ஆபரேட்டர், ஆம்ப்ளிஃபயரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். மிச்சமிருந்த கரகரப்பும் நின்றுபோனது. கீழே விசில் பறந்தது.

வேறு நாளாக இருந்தால் அவர் இதற்கெல்லாம் அசரமாட்டார். இன்று காலைதான் மேனேஜரிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு போலீஸ்காரன், நாலு கார், பத்து துப்பாக்கி. இதுல அப்படி என்ன இருக்குன்னு ஞாயித்துக்கிழமையானா இதையே போடறே? இன்னையோட இதை எடுத்துடு," என்றார் மேனேஜர்.

"துப்பாக்கி எல்லாப் படத்துலயும்தான் சார் இருக்கு. இவங்க ரெண்டு பேரும் போட்டுக்கற சண்டைக்குத்தான் ஜனம் வருது. ஒருத்தனுக்கு ஒருத்தன் ஆகவே ஆகாது. ஆனா ஒருத்தன் மாடியில இருந்து விழுந்தா இன்னொருத்தன்தான் கையை நீட்டுவான்."

"ஆகாதுன்னா மாத்தல் வாங்கிட்டுப் போகவேண்டியதுதானே?"

இப்படிப்பட்ட மனிதரிடம் சினிமாவைப் பற்றி என்ன பேசுவது? ஆபரேட்டருக்கு ரத்தம் கொதித்தது. "மதியக் காட்சியில ஒரே ஒருத்தர் பாதியில எழுந்து போனாலும் சாவியை உங்க மேஜையில வெச்சிட்டு வீட்டுக்குப் போயிடறேன். யாரும் போகலைன்னா படம் ஓடும். நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

மேனேஜர் மறுபேச்சில்லாமல் சம்மதித்துவிட்டார். இந்தக் கேபினை விட்டால் ஆபரேட்டருக்குப் போக்கிடமும் இல்லை, வேறு வேலையும் தெரியாது.

இப்போது ஆபரேட்டர் ஜன்னல் வழியாகத் தியேட்டர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். எந்த வேலையையும் அவசரப்பட்டுச் செய்யாத மனிதர் அவர். "ஸ்பீக்கர் ஒயரா இருக்கும், பாக்கறேன்," என்று திரைக்குப் பின்னால் போனார். போனவர் போனவர்தான்.

விசில் வலுத்தது. ஆபரேட்டரின் கண், வண்டிகளை வழியில் நிறுத்தாதீர்கள் என்று அறிவிக்கிற மைக்கின் மேல் விழுந்தது. அதற்குப் பக்கச்சுவரில் தனி ஸ்பீக்கர்கள் உண்டு. வசனமோ அவருக்கு மனப்பாடம். துணிந்து எடுத்தார்.

நெட்டைக்குக் கட்டைக்குரல், குட்டைக்குக் கீச்சுக்குரல் என்று நன்றாகத்தான் தொடங்கினார். கூட்டம் சிரித்தது. அதற்குள் வில்லன் வந்தான், அவன் அம்மா வந்தாள், நாய் வேறு வந்தது. குரல்கள் குழம்பி, நாய் பேசியது, வில்லனின் அம்மா குரைத்தாள். மூன்றாவது வரிசையில் ஒருவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

ஆபரேட்டருக்கு உயிரே போய்விட்டது. நெட்டையின் குரலிலேயே, "மூணாவது வரிசை அண்ணே, உக்காருங்க. நல்ல கட்டம் இப்பத்தான் வருது," என்றார். அண்ணன் பயந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் உள்ளே வந்தார்.

"என்னய்யா கூத்து இது? உனக்கு அறிவு இருக்கா?"

திரையில், காருக்குள் நெட்டை அப்போதுதான் குட்டையைப் பார்த்து வாயைத் திறந்திருந்தார். அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. மைக்கை அணைக்கப்போன ஆபரேட்டரின் கை அப்படியே நின்றது. இத்தனை பொருத்தமாக ஒரு நெட்டை அவருக்கு இனி எங்கே கிடைப்பார்?

"இருக்கு. உங்களுக்கு வேணுமா?" என்றார், குட்டையின் வாய் அசைந்ததும்.

"திமிரு. போன மாசம் படத்தைத் தலைகீழா ஓட்டினவன்தானே நீ?"

"அதைக் கடைசிவரைக்கும் கவனிக்காம கைதட்டினவர் யாரு?"

"நான் மரியாதைக்குத் தட்டினேன்."

"மாமியார் ஊர்ல இருந்து வந்தா, பால்கனி மூலையில ஒளிஞ்சு மூணு காட்சியும் பாக்கறீங்களே, அதுவும் மரியாதைக்கா?"

திரையில் கார் கவிழ்ந்தது. இருவரும் ஊர்ந்து வெளியே வந்து கூரை கூரையாகத் தாவினார்கள். கேபின் சண்டை நிற்கவில்லை. நடுவில் கீழே திடீரென்று ஒரே கூச்சல் கிளம்பியது. "நிறுத்து, நிறுத்து" என்று அரங்கமே கத்தியது.

தங்களைத்தான் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று ஆபரேட்டர் நினைத்தார். ஆனாலும் அடங்குகிற ஆள் இல்லை அவர். சாவி போனால் போகட்டும், படத்தைப் பாதியில் விடுவதில்லை என்று குரலை இன்னும் உயர்த்தினார். மேனேஜரும் விட்டுக்கொடுக்காமல் உயர்த்தினார். கூச்சல் தானாக அடங்கியது.

அப்போதுதான் மேனேஜர் மைக்கில் எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்தார். முகம் பேயறைந்தது போலாகிவிட்டது.

"மாமியார் விஷயமும் போயிடுச்சா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

ஆபரேட்டர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "சார், நெட்டை பேசணும்," என்றார்.

"நான் பேசமாட்டேன். சத்தியமா மாட்டேன்."

திரையில் குட்டையின் நெற்றியில் வில்லன் துப்பாக்கியை வைத்திருந்தான். நெட்டை எதிரே நின்றார். அரங்கத்தில் இருமல்கூட இல்லை. மேனேஜர் திரையைப் பார்த்தார். தொண்டை கட்டி, வேர்த்து வழிந்து நின்ற ஆபரேட்டரைப் பார்த்தார். பிறகு மைக்கைப் பிடுங்கினார்.

"இறக்குடா துப்பாக்கியை. இவன் சொன்ன பேச்சைக் கேக்கமாட்டான். நேரத்துக்கு வேலைக்கு வரமாட்டான். எனக்கு இவனைக் கண்டாலே ஆகாது. ஆனா இவனை மிரட்டறதுக்கு நான் ஒருத்தன் இருக்கேன். நீ யாருடா நடுவுல?"

கைதட்டலில் கேபின் கண்ணாடி அதிர்ந்தது. ஆபரேட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க வில்லன் வேலையையும் தானே எடுத்துக்கொண்டு ஓவென்று அலறிச் செத்தார்.

விளக்குகள் எரிந்தன. ஒருவர்கூட பாதியில் போயிருக்கவில்லை.

"ஓடும் சார். அடுத்த ஞாயிறும் ஓடும்," என்றார் ஆபரேட்டர், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

மேனேஜருக்குத் தோல்வியை யார் மேலாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரோடு மெதுவாகப் படியேறி வந்த எலக்ட்ரீஷியன் அகப்பட்டார்.

"ஒரு ஒயரை மாட்டறதுக்கு ஒரு படம் முழுக்க வேணுமாய்யா உனக்கு?"

"ஒயரை அப்பவே மாட்டிட்டேன் சார், சத்தமும் கணீர்னு வந்துது. நீங்க ரெண்டு பேரும் போடற சண்டை காதுல விழலைன்னு ஜனங்கதான் நிறுத்து நிறுத்துன்னு கத்தி, மறுபடியும் கழட்ட வெச்சுட்டாங்க."