முனி கழற்றிய நட்டுகள்

கீழவாஞ்சூர் துறைமுகச் சாலையில் வெள்ளிக்கிழமை என்றால் லாரிகளுக்குத் திருவிழா. நிலக்கரி ஏற்ற வந்த வண்டிகளெல்லாம் ஒரு கீற்றுப் பந்தலுக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கும். பந்தலுக்குள் சக்கரச் சித்தர்! சக்கர நட்டு கழல்வதற்குக் காரணம், சாலைத் திருப்பத்துப் புளியமரத்தில் குடியிருக்கும் முனிதான் என்று கண்டுபிடித்த மகான். முனிக்கு ஸ்பேனர் எங்கே கிடைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பக்தி குறைந்துவிடுமே!

பரிகாரமும் கைவசம் இருந்தது. சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்முக்கும் சக்கரத்துக்கும் நடுவே மந்திரித்த தகடு வைத்து, சந்தனமும் குங்குமமும் குழைத்து அப்பி, திரும்ப மாட்ட வேண்டும். தகடு வைத்த வண்டிகளிலும் நட்டு கழன்றது. முன்னைவிட அதிகமாகவே கழன்றது.

"முனிக்குக் கோபம் ஏறிடுச்சு. ரெண்டு தகடா வைங்க" என்றார் சித்தர். வைத்தார்கள்.

அஞ்சுகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லாரி அவளுடையது, ஓட்டுவது புருஷன் தங்கையன். போன வாரம் அந்த லாரியின் முன்சக்கரம் தனியாகக் கழன்று ஓடி, யாரோ ஒரு அம்மாவின் கருவாட்டுக் கூடையில் போய்ப் படுத்தது. லாரி பள்ளத்தில் சாய்ந்தது. தங்கையனுக்கு நெற்றியில் தையல். மனிதர் அந்தக் கட்டோடு மூன்றாவது தகட்டுக்கு வரிசையில் நின்றார். இன்னொரு தடவை கழன்றால் தாலி தங்குமா?

"ஏங்க, கட்டில் ஆடுதுன்னு நட்டுக்கு அடியில அட்டை வச்சு இறுக்குனீங்களே, என்னாச்சு?"

"அட்டை நசுங்கி மறுபடி ஆடுச்சு."

"தகடு மட்டும் நசுங்காதா? இரும்போட இரும்பு ஒட்டி உக்காந்தாத்தான் நட்டு பிடிக்கும்."

"தகடு வைக்கிறதுக்கு முன்னாடியே கழண்டுச்சே?"

"டயர் மாத்துனா, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு மறுபடி இறுக்கணும்னு பஞ்சர் கடைக்காரர் கரடியா கத்துனாரே! என்னைக்காவது இறங்கி இறுக்குனீங்களா?"

தங்கையன் காது கேளாதவர்போல் புளியமரத்தைக் கும்பிட்டார்.

அஞ்சுகம் நேரே பந்தலுக்குள் போனாள். "சாமி, ஒரு சோதனை. இடப்பக்க முன்சக்கரத்துக்கு உங்க தகடு. வலப்பக்கம் துருவைச் சுரண்டி, துடைச்சு, நான் மாட்டுறேன். முனி எந்தப் பக்கம் வர்றாருன்னு பாத்துடுவோம்."

கூட்டத்துக்கு ஒரே குஷி. சித்தரால் மறுக்க முடியவில்லை.

இடப்பக்கம் சித்தரின் முறைப்படி முடிந்தது. வலப்பக்கத்தை அவள் மாட்டி, வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டவிட்டு, மறுபடி இறுக்கினாள். பிறகு இரண்டு பக்கமும் ஒவ்வொரு நட்டுக்கும் சக்கரத்துக்கும் சேர்த்துத் தன் சிவப்பு நகப்பூச்சால் கோடு இழுத்தாள். நட்டு அசைந்தால் கோடு பிளந்துவிடும். லாரிக்கு நகப்பூச்சா என்று கூட்டம் சிரித்தது. எலுமிச்சம்பழ மாலை போட்டபோது சிரிக்காத கூட்டம் அது.

தங்கையன் லோடோடு சுரக்குடி வரை உருட்டிக்கொண்டு போய்த் திரும்பினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "மெதுவா, மெதுவா" என்று உயிரை வாங்கினாள்.

வலப்பக்கம் ஒரு கோடும் பிளக்கவில்லை. இடப்பக்கத்தில் பாதிக்கு மேல் பிளந்திருந்தன. ஒரு நட்டை விரலாலேயே சுற்ற முடிந்தது.

சித்தர் அசரவில்லை. "முனிக்கு இடப்பக்கம்தான் பிடிக்கும்!"

கூட்டம் பக்தியோடு தலையாட்டியது. அட, தங்கையனும்தான்!

"சரி சாமி" என்றாள் அஞ்சுகம். "உங்க கார் சும்மாதானே நிக்குது? எங்க வீட்டுக்காரர் அதுக்கும் தகடு வைக்கட்டும். நீங்களே ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

தங்கையனுக்குப் புல்லரித்தது. சாமி காருக்கே சேவையா! ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடி, சக்கரத்தில் கைவைத்தார்.

"டேய், தொடாதே!" சித்தர் ஆசனத்திலிருந்து எகிறிக் குதித்தார். "அதை வச்சா சக்கரம் கழண்டுரும்டா! எனக்குப் புள்ளகுட்டி இருக்கு!"

தங்கையனின் கை நெற்றிக் கட்டைத் தொட்டது.

"எனக்கும் இருக்கே, சாமி."

அவ்வளவுதான். சித்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குள் பாய்ந்தார். புளியமரத்தைத் தாண்டிப் பறந்தது கார். ஒரு நட்டும் கழலவில்லை.

புழுதி அடங்கியதும் ஒரு டிரைவர் தலையைச் சொறிந்தார். "அப்போ வர்ற வெள்ளிக்கிழமை யார்கிட்டங்க போறது?"

அஞ்சுகம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எவன்கிட்டயும் போக வேணாம். தன் வண்டிக்கு ஆகாத தகட்டை உங்க வண்டிக்கு ஏன் வச்சான்னு, வீட்டுல உக்காந்து கொஞ்சம் யோசிங்க!"