சென்ட் பாய் படித்த லத்தீன்

தஞ்சாவூரில் லத்தீன் மொழியை அதிகம் கொடுமைப்படுத்தியவர் சென்ட் பாய்தான். அதற்காக அதிகம் கைதட்டல் வாங்கியவரும் அவரேதான். என் வயிற்றெரிச்சல் அங்கே ஆரம்பிக்கிறது.

நான் ஓய்வு பெற்ற தாவரவியல் வாத்தியார். காலமெல்லாம் செடிகளின் லத்தீன் பெயர்களை அர்த்தம் தெரியாமலேயே பிள்ளைகளுக்கு ஒப்பித்தவன். பாதிரியார் ஒருவர் சனிக்கிழமை சாயங்காலங்களில் இலவசமாக லத்தீன் சொல்லித் தருகிறார் என்று கேள்விப்பட்டு, முதல் ஆளாகப் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். துபாயிலிருந்து திரும்பி வந்து அத்தர் கடை வைத்திருந்த பாய், தாமதமாக வந்து என் பக்கத்திலேயே இடம் பிடித்தார். உங்களுக்கு எதற்கு லத்தீன் என்று கேட்டார் ஃபாதர்.

"சென்ட் பாட்டில்ல பூவு பேரு பூரா அந்தப் பாஷையிலதாங்க இருக்கு. என் கடைச் சரக்கு என்னன்னு எனக்கே தெரிய வேணாமா?"

முதல் பாடம் 'ரோசா'. ரோஜாவேதான். அதன் வேற்றுமைகளை நான் ஒன்று விடாமல் கடகடவென்று ஒப்பித்தேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாய் ஆரம்பத்திலேயே கவிழ்ந்தார். கவிழ்ந்தவர் சும்மா இருந்தாரா? பையிலிருந்து ரோஜா அத்தரை எடுத்து எல்லார் மணிக்கட்டிலும் தடவிவிட்டார். ஃபாதர் முகர்ந்து பார்த்து, "இதைவிட நல்லா யாரும் விளக்க முடியாது" என்றார். படித்தவன் நான், பாராட்டு அவருக்கு!

'சால்வே' என்றால் வணக்கம். பாய் எழுந்துவிட்டார். "பெரியவங்களைப் பாத்து மொட்டையா சால்வேன்னா மரியாதையாவா இருக்கு? சால்வேங்க ஃபாதர்!"

அடுத்த வாரம் வகுப்பே 'சால்வேங்க' என்றது. லத்தீனில் அப்படியெல்லாம் கிடையாது என்றேன். "இருந்துட்டுப் போகட்டும் சார்" என்றார் ஃபாதர், சிரித்துக் கலங்கிய கண்ணைத் துடைத்தபடி.

இன்னொரு நாள், 'விவசாயி பெண்ணைக் காதலிக்கிறான்' என்று ஒரு வாக்கியம். பாய் விடவில்லை.

"காதல் இருக்கட்டும் ஃபாதர். குறுவை நட்டானா? ஆத்துத் தண்ணியா, போர்செட்டா? பொண்ணு வீட்ல கேப்பாங்கள்ல?"

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து வகுப்புக்கு வந்த விவசாயிகள் பெஞ்சைத் தட்டினார்கள். அன்றைக்கு அதோடு பாடம் போச்சு.

நிறைவு விழா வந்தது. விருந்தினர்கள் முன்னால் ஒருவர் லத்தீனில் பேச வேண்டும். காவிரியைப் பற்றி எழுதி, கண்ணாடி முன் பேசிப் பார்த்து, புதுச் சட்டையும் தைத்து வைத்திருந்தேன். இந்த ஒன்றாவது எனக்குக் கிடைத்தாக வேண்டும். ஃபாதரோ யார் பேசலாம் என்று வகுப்பையே கை தூக்கச் சொல்லிவிட்டார்.

"பாய் பேசட்டும்னு சொல்றவங்க?"

பாயையும் என்னையும் தவிர அத்தனை பேரும் தூக்கினார்கள்.

"சாருக்கு?"

நான் குனிந்துகொண்டேன். எனக்கு நானே தூக்க வெட்கம். பக்கத்தில் ஒரே ஒரு கை எழுந்தது. பாயின் கை.

"என்னங்க இது அநியாயம்? நான் பேசுனா ரோமாபுரிக்காரன் கேஸ் போட்டுருவான். சாருதான் தப்பில்லாம படிச்சிருக்காரு. அவரு பேசட்டும், நான் முன்னாடி உக்காந்து கைதட்டுறேன்."

நான்தான் பேசினேன். எங்கே தட்டுவது என்று தெரியாமல், என்னை மூச்சுவிட விடாமல், வாக்கியத்துக்கு வாக்கியம் தட்டித் தீர்த்தார் பாய்.

இந்த மனுஷன் மேல் நிம்மதியாகப் பொறாமைகூடப் பட முடியவில்லை.