வாசலிலேயே கிடைக்கும்

பூட்டிய கதவுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார் வங்கி மேலாளர். சாவியை மனைவி ஒளித்து வைத்திருந்தாள்.

காலையில் அவர்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"என் மனசுல என்ன ஓடுதுன்னு உங்களுக்கு என்னைக்காவது தெரிஞ்சிருக்கா?" என்று கேட்டாள் மனைவி.

"எனக்கு அத்துப்படி!"

"சரி, உங்க சாவியைக் குடுங்க. ஒளிச்சு வச்சிட்டுத்தான் அக்கா வீட்டுக்குப் போவேன். எனக்குப் போன் பண்ணாம வீட்டுக்குள்ள போயிட்டா, லீவுக்குக் கடல். பண்ணினா, மலை. வாசல்லயே கிடைக்கும், எங்கேயும் அலைய வேண்டாம்."

வருஷா வருஷம் மலைதான். வளைவுப் பாதையில் பாதி தூரத்திலேயே அவருக்குக் குடலைப் புரட்டும். இந்த முறை விடுவதாக இல்லை.

கால்மிதியை உதறினார். முகமெல்லாம் தூசி. பூந்தொட்டியைக் கவிழ்த்தார். செடி மண்ணோடு அவர் ஷூவில் இறங்கியது.

"என்ன சார் தேடுறீங்க?" கார் கழுவிக்கொண்டிருந்த எதிர்வீட்டு டிரைவர் கேட்டார்.

சொன்னார்.

"நானா இருந்தா மீட்டர் பெட்டியில வைப்பேன்."

"அது நீங்க. அவ அப்படி யோசிக்க மாட்டா."

ஆனாலும் திறந்து பார்த்தார். பல்லி ஒன்று அவர் சட்டைக்கு இடம் மாறியது.

அதை உதறிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே டிவி. இருந்தும் ஒரு சட்டை எடுக்க அவருக்கு அரை நாள் ஆகிறது. அவளோ கடைக்குள் நுழையும்போதே முடிவு செய்துவிடுகிறாள். அந்தத் தலைக்குள் அப்படி என்னதான் நடக்கிறது? அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

சட்டென்று எழுந்தார்.

"பிடிச்சிட்டேன்! நான் கை வைக்க மாட்டேன்னு அவ நினைக்கிற இடத்துலதான் வச்சிருப்பா!"

வராந்தாவில் அவருடைய சேமிப்பு பாதி வழியை அடைத்துக்கொண்டிருந்தது: ஓடாத மின்விசிறி, மூன்று கால் நாற்காலி, பழைய பேப்பர் கட்டுகள், சக்கரமில்லாத சைக்கிள். 'என்றாவது உதவும்' என்று அவர் சேர்த்தவை. தூக்கிப் போடச் சொல்லிச் சொல்லி மனைவிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஒவ்வொன்றாக இழுத்துக் கேட்டுக்கு வெளியே போட்டார். மின்விசிறி சட்டையைக் கிழித்தது. நாற்காலி காலில் விழுந்தது. பேப்பர் கட்டுகளைப் பிரித்து உதறினார். கடைசியில் வராந்தா துடைத்துவிட்டதுபோல் இருந்தது. சாவி மட்டும் இல்லை.

"போன் பண்ணிடுங்க சார், பாவம்" என்றார் டிரைவர்.

"செத்தாலும் மாட்டேன்!"

அப்போது தள்ளுவண்டியோடு வந்து நின்ற பழைய சாமான்காரர் மின்விசிறியைத் தூக்கி வண்டியில் வைத்தார்.

"யோவ்! யாரைக் கேட்டு எடுக்கிற?"

பழைய சாமான்காரர் நிதானமாகச் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"அம்மாதான் சார், காலையில போறப்பக் குடுத்தாங்க. 'நாளைக்குச் சாயங்காலம் அவரே எல்லாத்தையும் வாசலுக்குக் கொண்டுவந்து வச்சிருப்பார், ஏத்திக்கிட்டுச் சாவியைக் குடுத்துடுங்க'ன்னு நேத்தே சொல்லிட்டாங்க."