ஈஸ்வரமூர்த்தி சுட்ட சோமாசி

இந்தத் தீபாவளிக்குக் கோபிசெட்டிபாளையம் போவதில்லை என்று ஈஸ்வரமூர்த்தி முடிவு கட்டினார். அங்கே மாமியார் வீடு இருக்கிறது. அது தப்பில்லை. மைத்துனர் அழகிரிசாமியும் இருக்கிறார். அதுதான் தப்பு. போன வருஷம் புது வேட்டியோடு வாழைத்தோப்புக்குள் இழுத்துப்போய், எண்ணூறு வாழைக்கும் தனித்தனியாக வரலாறு சொன்ன மனுஷன். அவரை இங்கே வாங்க என்று ஈஸ்வரமூர்த்தி பன்னிரண்டு வருஷமாகச் சொன்னதே இல்லை.

"ஏனுங்க, அங்க போகலீன்னா சோமாசிக்கு எங்க போறது?" என்றாள் மனைவி ரங்கநாயகி. "எண்ணெய்ச் சட்டி முன்னால நின்னா எனக்குத் தலை சுத்துதுங்க."

"நான் சுடறேன். எண்ணெயே வேண்டாம். ஓவன்ல."

"நீங்களா?"

"முப்பது வருஷம் பவுண்டரியில இரும்பைக் காய்ச்சி ஊத்துனவன் அம்மணி. மைதா மாவு எம்மாத்திரம்?"

"சரீங்க. நல்லா வந்தா கோபி போக வேண்டாம். வரலீன்னா பேசாம பஸ் ஏறோணும். பேச்சு மாறக்கூடாதுங்க."

"நான் என்ன கவுன்சிலரா?"

அத்தனை சீக்கிரம் அவள் ஒப்புக்கொண்டதே விசேஷம். வார்ப்பை ஒரு தட்டுத் தட்டி உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்கிறவர், இதை மட்டும் தட்டிப் பார்க்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் காலை. மகள் பம்பாயிலிருந்து அனுப்பிய வட்ட ஓவன் மூன்று வருஷமாகப் பரண்மேல் வெங்காயம் சுமந்துகொண்டிருந்தது. இறக்கினார். துடைத்தார். பொட்டுக்கடலை, சர்க்கரை, தேங்காய், ஏலக்காய் எல்லாம் பொடித்துப் பூரணம் தயார். பிறை பிறையாக மடித்துப் பன்னிரண்டு வைத்தார்.

பதினொன்று வாயைப் பிளந்தன. சர்க்கரை உருகித் தட்டு முழுக்கத் தார் ரோடு.

"பொட்டி கட்டட்டுங்களா?"

"பொறு."

முகவாயைச் சொறிந்தார். மணல் அச்சில் காற்றுப் போக வழி விடாவிட்டால் அச்சு வெடிக்கும். சோமாசி மட்டும் என்ன? கோணி ஊசியைத் தேடி எடுத்தார்.

"அது எதுக்குங்க?"

"காத்துப் போக."

"சோமாசிக்கு மூச்சு முட்டுதுங்களா?"

அடுத்த ஈட்டுக்குக் கணக்குப் போட்டார். ஒவ்வொன்றிலும் மூன்று குத்து.

ரங்கநாயகி சும்மா போகவில்லை. "மாவுல காச்சின நெய்யி ரெண்டு கரண்டி ஊத்துங்க. ஓரத்துல தண்ணி தொட்டு அமுக்கோணும். மேல பாலைத் தடவுங்க, நல்லா செவக்கும்."

எதிரியே கத்தி தீட்டிக் கொடுக்கிறாள்! பாவம், வெகுளி என்று நினைத்துக்கொண்டார். சொன்னதையெல்லாம் செய்தார்.

அடுத்த ஈடு பொன்னாக வந்தது. ஒன்றுகூட உடையவில்லை. தீர்ப்புச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பிரான்சிஸைக் கூப்பிட்டார். பிரான்சிஸ் ஒன்று தின்றார். சந்தேகம் தீரவில்லை என்று இன்னும் மூன்று தின்றார்.

"அண்ணா, பேக்கரியே வெக்கலாமுங்க."

"கேட்டியா?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"கேட்டனுங்க. தோத்துட்டனுங்க. கோபி போகலீங்க." தோற்றவள் முகத்தில் அத்தனை சிரிப்பு எதற்கு என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. சாய்வு நாற்காலியில் விழுந்து காலை நீட்டினார். இரும்பை ஜெயித்தவன், மாவையும் ஜெயித்தாகிவிட்டது.

வாசலில் ஒரு மெட்டடோர் வேன் வந்து நின்றது. முதலில் ஒரு வாழைத்தார் இறங்கியது. அதன் பின்னால் அழகிரிசாமி. அவர் பின்னால் மாமியார், மைத்துனர் மனைவி, பிள்ளைகள் என்று மொத்தம் பதினோரு பேர்.

"மாப்பிளே! பந்தயம் போட்ட அன்னிக்கே தங்கச்சி போன் பண்ணிருச்சு. நீங்களே உங்க கையால சோமாசி சுடறீங்களாமா! பன்னெண்டு வருஷங்கழிச்சு ஊட்டுக்குக் கூப்பிட்டிருக்கீங்க, வராம இருப்பமா?"

ஈஸ்வரமூர்த்தி மனைவியைப் பார்த்தார். "நான் எப்பக் கூப்பிட்டேன்?"

"நாம கோபி போகக்கூடாதுன்னுதானுங்க பேச்சு," என்றாள் ரங்கநாயகி, மிக மரியாதையாக. "கோபி இங்க வரக்கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே. எந்திரீங்க, அஞ்சு கிலோ மாவு பெசஞ்சு வெச்சாச்சு."